பயங்கர இவான்: ரஷியாவின் முதல் ஜார்

1547-ம் ஆண்டு ஜனவரி மாதம் 16-ந் தேதி. ஞாயிற்றுக்கிழமை.

மாஸ்கோ நகரத்து ஆலய மணிகள் எல்லாம் முழங்கின. கிரெம்ளின் கோட்டைக்குள் இருக்கும் பெரிய தேவாலயத்துக்குள் ஒரு வாலிபன் நடந்து போனான். அவனுக்கு வயது பதினாறு.

தலைமைக் குரு மக்காரி அவனுக்குச் சிலுவையை அணிவித்தார். தலையில் முடி சூட்டினார். கையில் செங்கோலைக் கொடுத்தார். அவன் ஆலயத்தை விட்டு வெளியே வந்தான். வாசலில் அவனுடைய தம்பி யூரி, அண்ணன் தலை மேல் பொற்காசுகளைக் கொட்டினான். யூரி காது கேளாதவன். மணி ஒலியும் வாழ்த்தொலியும் அவன் காதில் விழவில்லை.

உள்ளே போனபோது அந்த வாலிபன் மாஸ்கோவின் கோமகன். வெளியே வந்தபோது ரஷியா முழுவதற்கும் ஜார்!

அவன் பெயர் இவான். ஜார் என்று முடி சூட்டிக் கொண்ட முதல் ரஷிய மன்னன் அவன்தான். அதற்குப் பிறகு 370 ஆண்டுகள் அந்தச் சொல் ரஷியாவை ஆண்டது.

அவன் பாட்டனும் தகப்பனும் கோமகன் என்ற பெயரோடு ஆண்டவர்கள். அது அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. இவானுக்கு ஏன் போதவில்லை? அதைத் தெரிந்துகொள்ள அவனுடைய பிள்ளைப் பருவத்தைப் பார்க்க வேண்டும்.

பசித்த இளவரசன்

இவான் 1530-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பிறந்தான். தகப்பன் வாசிலி, மாஸ்கோவை ஆண்ட கோமகன். தாய் எலேனா.

இவானுக்கு மூன்று வயது நடந்தபோது தகப்பன் இறந்தான். குழந்தையின் பெயரால் தாய் ஆட்சி நடத்தினாள். 1538-ல் அவளும் இறந்தாள். விஷம் வைத்துக் கொன்று விட்டார்கள் என்று ஊரில் பேசிக் கொண்டார்கள்.

அப்போது இவானுக்கு ஏழு வயது. தம்பி அவனை விடச் சிறியவன். இருவருக்கும் தகப்பனும் இல்லை, தாயும் இல்லை.

ரஷியாவில் பெரிய பிரபுக்களைப் 'பாயார்'கள் என்பார்கள். ஷூயிஸ்கி குடும்பம் ஒரு பக்கம், பெல்ஸ்கி குடும்பம் ஒரு பக்கம் என்று அந்தப் பிரபுக்கள் அதிகாரத்துக்காக அடித்துக் கொண்டார்கள். அரண்மனைக்குள்ளேயே ஆட்களைப் பிடித்துக் கட்டினார்கள். கஜானாவில் இருந்த பொன்னும் வெள்ளியும் அவர்கள் வீட்டுக்குப் போயின.

வெளிநாட்டுத் தூதர்கள் வந்தால் இவானைச் சிம்மாசனத்தில் உட்கார வைப்பார்கள். குனிந்து கும்பிடுவார்கள். தூதர்கள் போனதும் அவனைக் கவனிக்க ஆள் இல்லை. நல்ல துணியும் நேரத்துக்குச் சோறும் கூடக் கிடைக்கவில்லை என்று பின்னாளில் அவன் ஒரு கடிதத்தில் எழுதினான். தன் தகப்பனின் படுக்கை மேல் ஒரு பிரபு காலைத் தூக்கி வைத்துக் கொண்டு உட்கார்ந்திருந்ததையும் அதில் சொல்லியிருக்கிறான். முப்பது வயதைத் தாண்டிய பிறகும் அந்தக் கால் அவனுக்கு மறக்கவில்லை!

1543-ம் ஆண்டு டிசம்பர் கடைசி. இவானுக்குப் பதின்மூன்று வயது. பிரபுக்களில் பலசாலியாக இருந்தவன் ஆந்திரேய் ஷூயிஸ்கி. அவனைப் பிடிக்கும்படி இவான் திடீரென்று கட்டளையிட்டான். வேட்டை நாய்களைப் பராமரிக்கும் வேலைக்காரர்கள் அவனைப் பிடித்து அங்கேயே கொன்று விட்டார்கள்.

அன்று முதல் பிரபுக்கள் அந்தச் சிறுவனைக் கண்டு பயந்தார்கள். ஆனால் பயம் மட்டும் அவனுக்குப் போதவில்லை. ஒருவரும் எதிர்த்து நிற்க முடியாத ஒரு பெயர் வேண்டும் என்று நினைத்தான்.

சீசர் முதல் ஜார் வரை

ஜார் என்ற சொல் ரஷியாவில் பிறந்தது அல்ல. அதன் பிறப்பிடம் ரோமாபுரி.

கிறிஸ்து பிறப்பதற்கு 44 ஆண்டுகளுக்கு முன் ஜூலியஸ் சீசர் குத்திக் கொல்லப்பட்டான். சீசர் என்பது அவனுடைய குடும்பப் பெயர். அவனுக்குப் பிறகு வந்த அகஸ்டஸ் அந்தப் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக் கொண்டான். பின்னால் வந்தவர்களும் அப்படியே செய்தார்கள். நாளடைவில் பெயர், பட்டமாகி விட்டது.

அந்தப் பட்டம் ஊர் ஊராகப் போயிற்று. ஜெர்மனியில் 'கெய்சர்' என்றார்கள். இந்தியாவுக்கும் அது வந்தது. 1877-ல் விக்டோரியா ராணி இந்தியாவின் சக்கரவர்த்தினி ஆனாள். அவளுக்கு இந்தியாவில் வைத்த பட்டம் 'கைசர்-இ-ஹிந்த்'. அந்தப் பெயரில் வெள்ளைக்கார அரசாங்கம் கொடுத்த பதக்கத்தைத்தான் காந்தியடிகள் 1920-ல் திருப்பி அனுப்பினார்.

ரஷியரும் பல்கேரியரும் செர்பியரும் பேசும் மொழிகள் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அந்த மொழிகளில் சீசர் என்பது 'செசார்' என்று ஆயிற்று. செசார் சுருங்கி 'ஜார்' ஆகி விட்டது. ரஷியருக்கு 600 ஆண்டுகளுக்கு முன்பே, பத்தாம் நூற்றாண்டில், பல்கேரியாவின் சிமியோன் மன்னன் ஜார் ஆனான். 1346-ல் செர்பியாவின் துஷான் மன்னன் ஜார் என்று முடி சூட்டிக் கொண்டான்.

ரஷியர்கள் யாரை ஜார் என்று அழைத்தார்கள்? பைபிளில் வரும் தாவீதும் சாலமோனும் அவர்களுக்கு ஜார். கான்ஸ்டான்டிநோபிளில் இருந்த கிறிஸ்தவச் சக்கரவர்த்தி ஒரு ஜார். அந்த நகரத்தையே ஜார் நகரம் என்றார்கள். இன்னொருவனையும் ஜார் என்றார்கள். அவன் தார்த்தாரியரின் கான்!

இது வேடிக்கை அல்ல. ரஷியக் கோமகன்கள் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அந்தக் கானுக்குக் கப்பம் கட்டியவர்கள். யார் கோமகன் ஆக வேண்டும் என்பதற்குக் கானிடம் போய் உத்தரவு வாங்க வேண்டும். ஆகவே ரஷியர் மனத்தில் ஜார் என்றால் பெரிய அரசன் என்பது மட்டும் பொருள் அல்ல. யாருக்கும் கப்பம் கட்டாதவன், தலைக்கு மேல் கடவுளைத் தவிர வேறு ஒருவரும் இல்லாதவன் என்று பொருள்.

1453-ல் கான்ஸ்டான்டிநோபிளைத் துருக்கியர் பிடித்தார்கள். அங்கே கிறிஸ்தவச் சக்கரவர்த்தி இல்லாமல் போனார். கடைசிச் சக்கரவர்த்தியின் சகோதரன் மகள் சோபியாவை 1472-ல் மாஸ்கோவின் கோமகன் மணந்தான். அவன் பெயரும் இவான். நம் கதையில் வரும் இவானின் பாட்டன். 1480-ல் அவன் கானின் பிடியிலிருந்தும் விடுபட்டான். வெளிநாடுகளுக்கு எழுதிய கடிதங்கள் சிலவற்றில் தன்னை ஜார் என்று எழுதிப் பார்த்தான். முடி சூட்டிக் கொள்ளும் துணிவு அவனுக்கு வரவில்லை.

பேரனுக்கு வந்தது.

குல்லாவின் கதை

இவான் சூட்டிக் கொண்டது மற்ற நாட்டுக் கிரீடம் போல இருக்காது. அது ஒரு குல்லா. பொன் தகடுகளால் ஆனது. மேலே ரத்தினங்களும் சிலுவையும் இருக்கும். விளிம்பில் மென்மயிர்த் தோல் வைத்துத் தைத்திருக்கும். மாஸ்கோவில் கிரெம்ளின் காட்சிசாலையில் அது இன்றும் இருக்கிறது.

அதற்கு 'மோனமாக்கின் குல்லா' என்று பெயர். கான்ஸ்டான்டிநோபிளின் சக்கரவர்த்தி கான்ஸ்டண்டைன் மோனமாக், தன் பேரனும் கீவ் நகரத்து மன்னனுமான விளாதிமிருக்கு அதை அனுப்பினார் என்று கதை சொன்னார்கள். சக்கரவர்த்தியே கொடுத்த குல்லா என்றால் அதை அணிகிறவனும் சக்கரவர்த்திதானே!

கதை நன்றாக இருக்கிறது. கணக்குத்தான் உதைக்கிறது. அந்தச் சக்கரவர்த்தி இறந்தது 1055-ல். விளாதிமிர் பிறந்தது 1053-ல். இரண்டு வயதுக் குழந்தைக்கு யாரும் அரசக் கிரீடம் அனுப்ப மாட்டார்கள். அந்தக் குல்லாவின் பொன் வேலை மத்திய ஆசியக் கைவேலை என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுகிறார்கள். அப்படியானால் அது கானின் நாட்டிலிருந்து வந்த குல்லாவாக இருக்கலாம்.

இன்னொரு கதையும் இருந்தது. ரோமாபுரி அகஸ்டஸுக்குப் புரூஸ் என்று ஒரு தம்பி இருந்தானாம். மாஸ்கோ அரசர்கள் அவன் வழி வந்தவர்களாம்! அகஸ்டஸுக்கு அப்படி ஒரு தம்பி கிடையாது. ஆனால் இவான் கடைசி வரை அதை நம்பினான். மற்ற அரசர்களிடம் பெருமையாகச் சொல்லிக் கொண்டான்.

நல்ல காலம்

முடி சூட்டிக் கொண்ட மூன்று வாரத்துக்குள் இவானுக்குக் கல்யாணம் நடந்தது. மணப்பெண் அனஸ்தாசியா. அவள் ஓர் அரசன் மகள் அல்ல. ரஷியப் பிரபு ஒருவரின் மகள். இவான் அவளை மனமார நேசித்தான். அவள் சொன்னால் அவனுடைய கோபம் தணியும்.

அந்த ஆண்டு ஜூன் மாதம் மாஸ்கோவில் பெருந்தீ பிடித்தது. வீடுகள் எல்லாம் மரத்தால் ஆனவை. ஆயிரக்கணக்கில் எரிந்து போயின. இவானின் தாய்வழிப் பாட்டி சூனியம் செய்ததால்தான் தீப்பிடித்தது என்று வதந்தி கிளம்பியது. ஜனங்கள் வெறி கொண்டார்கள். இவானின் மாமன் யூரி கிளின்ஸ்கியை அடித்துக் கொன்றார்கள். ஜார் என்ற பெயர் ஆறு மாதத்துக்குள்ளேயே ஆட்டம் கண்டது.

இவான் பயந்து போனான். அந்தப் பயம் அவனுக்கு நன்மை செய்தது. நல்ல ஆலோசகர்களைப் பக்கத்தில் வைத்துக் கொண்டான். 1550-ல் புதிய சட்டத் தொகுப்பு வந்தது. லஞ்சம் வாங்கும் நீதிபதிகளுக்குத் தண்டனை என்று அதில் எழுதப்பட்டது.

1552-ல் கசான் நகரத்தை அவன் படை முற்றுகையிட்டது. தார்த்தாரியக் கான் ஆண்ட நகரம் அது. மதிலுக்கு அடியில் சுரங்கம் தோண்டி, வெடிமருந்தை நிரப்பி, மதிலைத் தகர்த்தார்கள். அக்டோபர் 2-ந் தேதி நகரம் விழுந்தது. 1556-ல் அஸ்திரகானும் அவன் கைக்கு வந்தது. வால்கா நதி முழுவதும் ரஷியாவுக்குச் சொந்தமாயிற்று. கசான் வெற்றியின் நினைவாகத்தான் மாஸ்கோ செஞ்சதுக்கத்தில் பல நிறக் கூம்புகளோடு நிற்கும் ஆலயத்தைக் கட்டினான்.

கசானின் கானும் ரஷிய மொழியில் ஜார்தான். அஸ்திரகானின் கானும் ஜார்தான். ஒரு காலத்தில் யாருக்குக் கப்பம் கட்டினார்களோ, அவர்களுடைய இனத்து ஜார்கள் இருவரை இவான் வென்று விட்டான். குல்லாவின் கதையை நம்பாதவர்கள் கூட இந்தக் கணக்கை மறுக்க முடியவில்லை. கசானின் ஜார், அஸ்திரகானின் ஜார் என்று தன் பெயரோடு எழுதிக் கொண்டான்.

ஒரு பட்டம் நிலைக்க வேண்டுமானால் மற்றவர்கள் அதை ஏற்க வேண்டும். கான்ஸ்டான்டிநோபிளின் தலைமைக் குருவிடமிருந்து 1561-ல் அங்கீகாரம் வந்தது. இங்கிலாந்து ராணி எலிசபெத் தன் கடிதங்களில் அவனைச் சக்கரவர்த்தி என்று குறிப்பிட்டாள். ரஷியாவில் ஆங்கிலேயருக்கு வியாபாரம் நன்றாக நடந்து கொண்டிருந்தது. பக்கத்து நாடான போலந்து மட்டும் மறுத்து விட்டது. போலந்து அரசனுக்கு அவன் எப்போதும் மாஸ்கோவின் கோமகன்தான்.

கறுப்புக் குதிரைகள்

1560-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அனஸ்தாசியா இறந்தாள். விஷம் வைத்து விட்டார்கள் என்று இவான் நம்பினான். தாயும் அப்படிப் போனாள். மனைவியும் அப்படிப் போனாள் என்ற எண்ணம் அவன் மனத்தில் ஊறி விட்டது.

ஏற்கனவே ஒரு காயம் இருந்தது. 1553-ல் அவன் நோய்வாய்ப்பட்டுச் சாகக் கிடந்தான். தன் கைக்குழந்தைக்கு விசுவாசமாக இருப்பதாகச் சத்தியம் செய்யும்படி பிரபுக்களைக் கேட்டான். பலர் தயங்கினார்கள். அடுத்த அறையில் அவர்கள் சண்டையிடும் சத்தம் கேட்டுக் கொண்டு படுத்திருந்தான். பிழைத்து எழுந்த பிறகு அதை மறக்கவில்லை.

1564-ல் நெருங்கிய நண்பனும் தளபதியுமான குர்ப்ஸ்கி எதிரியின் பக்கம் ஓடிப் போனான். அங்கிருந்து இவானின் கொடுமைகளை எடுத்துச் சொல்லிக் கடிதம் எழுதினான். இவானும் பதில் எழுதினான். அது கடிதம் அல்ல; ஒரு சின்னப் புத்தகம்! பிள்ளைப் பருவத்துப் பசியைப் பற்றிச் சொன்னதும் அதில்தான். தன் குடிகளுக்குப் பரிசு கொடுக்கவும் தலையை எடுக்கவும் தனக்கு உரிமை உண்டு என்று அதில் வாதாடினான்.

அந்த ஆண்டு டிசம்பரில் பொன்னையும் விக்கிரகங்களையும் வண்டிகளில் ஏற்றிக் கொண்டு இவான் மாஸ்கோவை விட்டுப் போய் விட்டான். வெகு தூரத்தில் ஒரு கிராமத்தில் தங்கினான். அங்கிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன. பிரபுக்களும் குருமார்களும் துரோகிகள். அதனால் ஆட்சியை விட்டு விடுகிறேன் என்றது ஒன்று. சாதாரண ஜனங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை என்றது இன்னொன்று.

ஜனங்கள் அலறினார்கள். ஜார் இல்லாத நாட்டை அவர்களால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. பதினெட்டு ஆண்டுகளுக்குள் அந்தச் சொல் அவ்வளவு ஆழமாக வேரூன்றி விட்டது. திரும்பி வரும்படி கெஞ்சினார்கள். இவான் ஒரு நிபந்தனை போட்டான். துரோகி என்று நான் யாரைச் சொன்னாலும் தண்டிப்பேன். ஒருவரும் குறுக்கே வரக் கூடாது என்றான். ஒப்புக் கொண்டார்கள்.

அதன் பிறகு நடந்தது பயங்கரம். 'ஒப்ரீச்னிக்' என்று ஒரு தனிப் படையை அவன் உண்டாக்கினான். கறுப்பு உடை, கறுப்புக் குதிரை. சேணத்தில் ஒரு நாய்த் தலையும் ஒரு துடைப்பமும் தொங்கும். துரோகிகளைக் கடித்து, நாட்டிலிருந்து கூட்டித் தள்ளுவோம் என்பது பொருள். நாயும் துடைப்பமும் வராத பிரபு வீடு இல்லை என்று ஆயிற்று.

தலைமைக் குரு பிலிப் ஒருவர்தான் எதிர்த்து நின்றார். தேவாலயத்தில், எல்லார் முன்னிலும், இவானுக்கு ஆசி கொடுக்க மறுத்தார். அவரைப் பதவியிலிருந்து இறக்கி மடத்தில் அடைத்தார்கள். 1569-ம் ஆண்டு டிசம்பரில் அவர் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டார். அடுத்த மாதம் நோவ்கரட் நகரத்தைச் சூறையாடினான். ஐந்து வாரம் கொலை நடந்தது. ஆண், பெண், குழந்தை என்று பார்க்காமல் ஆற்றில் தள்ளினார்கள். செத்தவர்கள் ஆயிரக்கணக்கில்.

நிராயுதபாணிகளைக் கொல்லத் தெரிந்த அந்தப் படைக்குப் போர் செய்யத் தெரியவில்லை. 1571-ல் கிரிமியாவின் கான் வந்து மாஸ்கோவையே கொளுத்தி விட்டுப் போனான். மறு ஆண்டு இவான் அந்தப் படையைக் கலைத்தான்.

1575-ல் அவன் செய்த காரியம் இன்று வரை யாருக்கும் சரியாகப் புரியவில்லை. கானின் பரம்பரையில் வந்து கிறிஸ்தவனான சிமியோன் என்பவனை ரஷியா முழுவதற்கும் கோமகன் ஆக்கினான். தான் அரண்மனையை விட்டு வெளியேறினான். தன் பெயரைச் சாதாரணப் பிரபு போல எழுதினான். சிமியோனுக்குத் தாழ்மையாக விண்ணப்பம் போட்டான்! சுமார் பதினொரு மாதம் இந்த நாடகம் நடந்தது. பிறகு சிமியோனை இறக்கி, வேறு ஊருக்கு அனுப்பினான். கொடுத்த அதிகாரம் ஒரு நாளும் கையை விட்டுப் போகவில்லை. அதை எல்லாருக்கும் காட்டத்தான் கொடுத்தானோ என்னவோ!

கைத்தடி

போலந்தில் அரசனைப் பிரபுக்கள் கூடித் தேர்ந்தெடுப்பது வழக்கம். அப்படி வந்தவன் ஸ்டீபன் பாத்தோரி. இவானுக்கு அவனைப் பற்றி ஏளனம். நான் கடவுள் சித்தத்தால் ஜார். நீ மனிதர் விருப்பத்தால் அரசன் என்ற கருத்தில் எழுதினான். அந்தப் பாத்தோரிதான் 1579 முதல் இவானை அடுத்தடுத்துத் தோற்கடித்தான். கால் நூற்றாண்டு போராடிப் பால்டிக் கடற்கரையில் பிடித்த இடங்கள் எல்லாம் போயின.

1581-ம் ஆண்டு நவம்பர் மாதம். மூத்த மகனுக்கும் தகப்பனுக்கும் சண்டை மூண்டது. மகன் பெயரும் இவான். அனஸ்தாசியா பெற்ற பிள்ளை. அவனுக்கு 27 வயது. கர்ப்பிணியான மருமகளை இவான் அடித்தான், மகன் குறுக்கே வந்தான் என்று சொல்கிறார்கள். போர் நடத்திய விதத்தைப் பற்றி வந்த சண்டை என்று சொல்பவர்களும் உண்டு.

இவானின் கையில் இரும்புப் பூண் போட்ட கைத்தடி இருந்தது. வீசினான். அடி மகனின் தலையில் விழுந்தது.

வைத்தியர்களை வரவழைத்தார்கள். பிரார்த்தனை செய்தார்கள். 19-ந் தேதி மகன் இறந்தான். தகப்பன் இரவில் தூங்காமல் அரண்மனைக்குள் கதறிக் கொண்டு திரிந்தான். தான் கொன்றவர்களின் பெயர்களை எழுதச் சொல்லி, அவர்கள் ஆத்மா சாந்தியடைய மடங்களுக்குப் பணத்தோடு அனுப்பினான். அந்த ஜாபிதாவில் ஆயிரக்கணக்கானவர்கள் இருந்தார்கள்.

1584-ம் ஆண்டு மார்ச் மாதம் 18-ந் தேதி, சதுரங்கம் ஆட உட்கார்ந்த இடத்தில் இவான் சாய்ந்தான். வயது 53. பட்டத்துக்கு வந்தவன் பலவீனமான இளைய மகன் பியோதர். 1598-ல் அவன் குழந்தை இல்லாமல் இறந்தான். எழுநூறு ஆண்டு ஆண்ட குலம் அதோடு முடிந்தது.

ஜார் பட்டம் முடியவில்லை. பல ஆண்டுக் குழப்பத்துக்குப் பிறகு 1613-ல் மிகயீல் ரோமனோவ் என்ற பதினாறு வயதுப் பிள்ளையை ஜாராகத் தேர்ந்தெடுத்தார்கள். அவன் அனஸ்தாசியாவின் சகோதரனுடைய பேரன். தேர்ந்தெடுத்த அரசன் என்று இவான் ஏளனம் செய்தானே, அவன் பட்டம் தேர்ந்தெடுத்த ஒருவனுக்கே போயிற்று! போலந்து அரசனும் அந்தப் பட்டத்துக்கு உரிமை கொண்டாடி வந்தான். 1634-ல்தான் அதை விட்டுக் கொடுத்தான்.

1721-ல் பீட்டர் மன்னன் 'இம்பராத்தர்' என்ற பட்டத்தைச் சூட்டிக் கொண்டான். மேற்கு நாடுகளுக்குப் புரியும் பட்டம் அது. ஆனால் ரஷியக் குடியானவன் ஜார் என்றே சொன்னான். கடைசி மன்னன் நிக்கொலாஸ் கூட கசானின் ஜார், அஸ்திரகானின் ஜார் என்று தன் பெயரோடு எழுதினான். 1917-ல் புரட்சி வந்தது. நிக்கொலாஸ் முடி துறந்தான். ஜாரின் வீழ்ச்சியைப் பாரதியார் தமிழில் பாடினார். மறு ஆண்டு நிக்கொலாஸையும் அவன் குடும்பத்தையும் சுட்டுக் கொன்றார்கள்.

இவானுக்கு ரஷியர் வைத்த பெயர் 'குரோஸ்னி'. இடியோடு வரும் புயலைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. நாம் பயங்கர இவான் என்கிறோம். கிரெம்ளினுக்குள் ஓர் ஆலயத்தில் அவனைப் புதைத்தார்கள். பக்கத்திலேயே மூத்த மகனின் சமாதி.

1963-ல் விஞ்ஞானிகள் அந்தச் சமாதிகளைத் திறந்தார்கள். இவானின் முதுகெலும்பு முழுவதும் முள் முள்ளாக எலும்பு வளர்ந்திருந்தது. கடைசிக் காலத்தில் குனியவும் நிமிரவும் பெரும் வேதனையாக இருந்திருக்கும் என்று சொன்னார்கள். எலும்புகளில் பாதரசம் இருந்தது. மண்டை ஓட்டை வைத்து அவன் முகத்தை உருவாக்கிப் பார்த்தார்கள்.

மகனின் சமாதியையும் திறந்தார்கள். அடி விழுந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்பது அவர்களுடைய விருப்பம். மண்டை ஓடு பொடிப்பொடியாகிப் போயிருந்தது.